வெண்ணெயில் குறைந்த பதினெட்டு கிராம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. உங்களுக்கும் சித்திக்கும் வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு, ‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சகத்தில் ஆறு வருடமாகப் பிழை திருத்துகிறவளுக்கு அது கைப்பழக்கம். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு குறி போட்டால்தான் அடுத்த வரிக்கு நகர முடிகிறது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ஒரு போன் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். தனியாகச் செய்தி அனுப்பலாமென்றால், போன மாதம் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி உங்களுக்கு மட்டும் என்று நான் எழுதியதை அரை மணி நேரத்தில் குடும்பக் குழுவில் போட்டு, கீழே ஒரு பூங்கொத்துப் படமும் வைத்தீர்கள். அதனால்தான் காகிதம். தயவுசெய்து இதைப் படம் எடுக்காதீர்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்பாவுக்கு அனுப்பிய சாப்பாட்டுத் திட்டத்தில் நான் மூன்று மாதமாகக் கள்ளத்தனம் செய்திருக்கிறேன். அதனால் அப்பாவின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது. அதை நம்பி, அடுத்த வியாழக்கிழமை டாக்டர், அப்பாவுக்கு இதயத்துக்கான மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார். நான் செய்த தப்பு அப்பாவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க உங்களால்தான் முடியும்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நம் வீட்டு மாடிப்படியில், இரண்டாம் தளத் திருப்பத்தில், அப்பா மின்சார மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார். முப்பது வருடம் கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவர்; ஓடுகிற எண் எதைப் பார்த்தாலும் நிற்பார் என்று நானும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளும் அதே இடம், அதற்கு மறுநாளும் அதே இடம். இடது கை சட்டைப் பையின் மேல் இருக்கும். ஒரு நாள் மனசுக்குள் எண்ணினேன், நாற்பது விநாடி. அடுத்த வாரம் ஐம்பத்தைந்து. பெரியப்பா ஐம்பத்தாறு வயதில் தன் அலுவலக மாடிப்படியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவரைத் தூக்கிய நான்கு பேரில் நீங்களும் ஒருவர். நானும் அம்மாவும் அப்பாவை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு என்றார், இரவில் ஒன்று போடுங்கள் என்று மாத்திரை எழுதினார். அப்பா ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல மருந்து எவ்வளவு?” என்று கேட்டார். “பத்து மில்லிகிராம்.” “பத்து மில்லிகிராமா? என் தராசுல அது காட்டவே காட்டாது டாக்டர். காட்டாத எடையை நான் எப்படி நம்பறது?” டாக்டர் பொறுமைசாலி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

அந்த வாரம் பார்த்து உங்கள் செய்தி வந்தது சித்தப்பா. பழைய பெல்ட்டில் புதிதாக நான்கு துளை போட்ட படம். பதினான்கு கிலோ குறைந்தது என்ற பெருமை. கூடவே மூன்று பக்கத் திட்டம்: சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் எதிரி, வெண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி, கொழுப்போடு கறி, இவையெல்லாம் நண்பர்கள். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை சிவப்புப் பேனாவோடு படித்தார். பிறகு டாக்டரிடம் போய் ஒப்பந்தம் பேசினார். மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் தம்பியின் திட்டப்படி சாப்பிடுவார். எண் இறங்கவில்லை என்றால் வாயைத் திறக்காமல் மாத்திரை போடுவார். இறங்கினால் மாத்திரை பேச்சையே எடுக்கக் கூடாது. டாக்டருக்கு இஷ்டமில்லை. “நெஞ்சை இறுக்கினா அந்த நிமிஷமே வரணும், மூணு மாசம் கணக்குப் பார்த்துட்டு இருக்கக் கூடாது” என்று நாலு தடவை சொல்லி அனுப்பினார்.

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். மறுநாள் காலையிலேயே அரிசி டப்பாவும் சர்க்கரை டப்பாவும் மாடி வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குப் போயின. சமையல் மேடையில் எலெக்ட்ரானிக் தராசு ஏறியது. அது உண்மை பேசுகிறதா என்று பார்க்க, வெல்வெட் பெட்டியில் இருக்கும் அவருடைய பித்தளை எடைக்கற்கள் ஏறின. அந்தப் பெட்டியை நாங்கள் யாரும் தொட்டதில்லை, விரல் பட்டால் வியர்வையின் எடை கல்லில் ஏறிவிடும் என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருக்கிறார். காலை ஆறரைக்கு மூன்று மூடி போட்ட கிண்ணங்களில் அன்றைய கொழுப்பை நிறுத்து, தேதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைப்பார். முதல் கிண்ணம் காபியில் போட்டுக் குடிக்கிற வெண்ணெய், அறுபது கிராம். ஏழு மணிக்கு நடக்கப் போவார். எட்டு மணிக்கு வருவார். ஒன்பதுக்குச் சாப்பிடுவார். மாலையில் குப்பைக் கூடையை நிறுப்பார். ஆமாம், குப்பையைத்தான். “உள்ளே போனது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, ரெண்டும் தெரிஞ்சாத்தான் கணக்கு” என்பார். முட்டை ஓடு, எலும்பு, காபித் தூள் எல்லாவற்றுக்கும் நோட்டில் தனித்தனி வரி.

அம்மா இரண்டு நாள் ரொட்டியில்லாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வாங்கி வந்து, அப்பா இந்த ஜென்மத்தில் திறக்காத ஒரே இடமான சலவை இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்தாள். ஐந்தாம் நாள் அவளே மறந்துபோய்த் துணியைப் போட்டு ஓடவிட்டாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் மூன்றும் பஜ்ஜி மாதிரி மாவு அப்பிக்கொண்டு வெளியே வந்தன. “என்னங்க, புது சோப்பு சரியில்லை” என்றாள் அம்மா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். சிரிப்பாக இருக்கிறதா சித்தப்பா? எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குடத்தை எடுக்கப் படியிறங்கினால், மீட்டர் பெட்டியின் முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அறுபத்திரண்டு விநாடி.

நான் படித்தும் பார்த்தேன். நூலகத்திலிருந்து ஒரே வாரத்தில் ஐந்து புத்தகம் எடுத்தேன். இரண்டு உங்கள் கட்சி, இரண்டு டாக்டர் கட்சி, ஒன்று யார் கட்சியென்று அதை எழுதியவருக்கே தெரியவில்லை. உங்கள் திட்டம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு ஒன்பது கிலோ குறைந்தது, சர்க்கரை இறங்கியது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆனால் எடை இறங்குகிற அதே உடம்பில் கெட்ட கொழுப்பு சிலருக்கு ஏறுமாம். யாருக்கு ஏறும் என்று முகத்தில் எழுதியிருக்காதாம். ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு ஏற்கெனவே நூற்று எழுபத்தெட்டு. அந்த வரியை ஒரு புத்தகத்தில் படித்த பிறகு அந்த மூன்று கிண்ணங்களை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதல் நாள், அப்பா நடக்கப் போயிருந்த நேரத்தில், காபிக் கிண்ணத்திலிருந்து கத்தி நுனியால் கொஞ்சம் வெண்ணெயை எடுத்தேன். மேலே தடவிச் சமம் பண்ணி மூடினேன். எடுத்ததை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் மாலையில் தராசு காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. பிறகு தொட்டி நிரம்பி நின்றது. குழாய்க்காரர் வந்து, அடியில் வளைந்த குழாயைக் கழற்றி, மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக ஒரு நீளக் கட்டியை உருவி எடுத்தார். “அம்மா, இந்த வீட்டுல குழாய்க்கு மாரடைப்பு வந்திருக்கு” என்றார். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கட்டியை வாங்கி நிறுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். என்னைப் பார்த்தார். “பாத்திரம் கழுவுறப்போ ஒட்டிக்கிட்டதெல்லாம் போயிருக்கும்ங்க” என்று அம்மா குறுக்கே விழுந்தாள். எதற்காக விழுந்தாள், அவளுக்கு என்ன தெரியும் என்பதை நான் இதுவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குழாய் போனதும் பூனை. மாடி வீட்டுத் தையல்காரருடைய பூனைக்கு மேனேஜர் என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல் எல்லாத் தளத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதால். எங்கள் ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து வரும். தினமும் காலை ஏழே காலுக்கு மேனேஜர் வருவார், வெண்ணெயை நக்குவார், போவார். நான்கு வாரத்தில் மேனேஜரால் கம்பிக்குள் நுழைய முடிந்தது, வெளியே போக முடியவில்லை. பாதி உடம்பு எங்கள் வீட்டிலும் பாதி உடம்பு வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டு அது போட்ட சத்தத்தில் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். நாடாவை அதன் வயிற்றைச் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, “போன மாசத்துக்கு இந்த மாசம் ரெண்டு அங்குலம் கூட. யாரும்மா இதுக்கு விருந்து வைக்கிறது?” என்று என்னைத்தான் கேட்டார். கால்நடை மருத்துவர் மேனேஜருக்கு வெறும் வேகவைத்த மீன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பூனைக்கு இருக்கிற கட்டுப்பாடு எங்கள் வீட்டில் மனிதருக்கு இல்லையே என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இடமே இல்லை சித்தப்பா. குப்பைக்குத் தராசு, குழாய்க்கு அடைப்பு, பூனைக்குப் பத்தியம். கைப்பையில் வைத்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். மதியத்துக்குள் உருகி, ஒருவருடைய ஆய்வுரையின் நாற்பத்து மூன்றாம் பக்கம் கண்ணாடி போல ஆகிவிட்டது. கடைசியில் மிச்சமிருந்தது நான்தான். நானே தின்றேன். தினமும் காலையில், சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, அம்மாவின் கள்ள ரொட்டியில் என் கள்ள வெண்ணெயைத் தடவித் தின்றேன். ஒரு நாள் அம்மா உள்ளே வந்துவிட்டாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் துணி துவைக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனாள். போகப் போக இன்னொரு விஷயம்: கிண்ணத்தில் வெண்ணெய் ஏறிக்கொண்டே போவது போலத் தெரிந்தது. அப்பாவிடம் நீங்கள் அளவைக் கூட்டச் சொல்லியிருப்பீர்கள் என்று உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. கூடக் கூட நானும் கூட எடுத்தேன். அப்பாவுக்குப் போவது எப்படியும் முப்பதைத் தாண்டக் கூடாது என்பது என் வைராக்கியம்.

போன வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க ஒரு பெண் வந்தாள். அப்பா வாசலிலேயே அவளை நிறுத்தி, குப்பிகளின் காலாவதித் தேதி, ஊசி உறையின் முத்திரை, குளிர்ப்பையின் வெப்பம் எல்லாவற்றையும் பார்த்தார். “சார், நான் ரத்தம் எடுக்க வந்தேனா, நீங்க சோதனை போட வந்தீங்களா?” என்றாள் அவள். தன் முறை முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, நீயும் கையை நீட்டு.”

“நான் எதுக்கு அப்பா?”

“ஒப்பீட்டுக்கு. சரியான கல்லு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தானே தராசு சரியா தப்பான்னு தெரியும்? உனக்கு இருபத்தெட்டு வயசு. எப்பவும் போலச் சாப்பிடறே. போன வருஷம் உங்க ஆபீஸ் பரிசோதனையில நூத்தி நாலு. நீதான் என்னோட ஒப்பீட்டுக் கல்லு.”

என்ன சொல்லி மறுப்பேன்? கையை நீட்டினேன்.

சனிக்கிழமை இரண்டு தாளும் வந்தன. அப்பாவுக்கு நூற்றுப் பதினெட்டு. எனக்கு நூற்று எழுபத்தொன்று.

அப்பா தன் தாளைப் பார்த்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குதிப்பார், உங்களுக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன், எதுவும் செய்யவில்லை. என் தாளை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். “நீ என்ன சாப்பிடறே?” என்றார். “எல்லாரும் சாப்பிடறதுதான்” என்றேன். “ஒப்பீட்டுக் கல்லே தப்பாக் காட்டுதே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனார். நான் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன். மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றார். எண்ணினேன். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. கை சட்டைப் பையின் மேல். முன்னூற்றுப் பத்தில் தானாகவே திரும்பி ஏறி வந்தார். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை, ஆனால் நல்ல முகமாகவும் இல்லை.

அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. என் நூற்று எழுபத்தொன்று எனக்கும் பயம்தான், மறைக்க மாட்டேன். இந்த வீட்டு ரத்தம்தானே எனக்கும். ஆனால் நான் வெண்ணெயை நிறுத்தினால் அது இறங்கிவிடலாம். அப்பாவின் நூற்றுப் பதினெட்டு என் வயிறு சம்பாதித்துக் கொடுத்த எண். அதை வைத்துக்கொண்டு டாக்டர் மாத்திரை வேண்டாமென்று சொல்லிவிட்டால், நான் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் அந்த அறுபது கிராமும் முழுசாக அப்பாவுக்குள் போகும். நேற்று முன்தினம் காலை, அப்பா முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடலாமென்று பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, ஒரு தராசுத் தட்டுல ஈ உட்கார்ந்து எடை தப்பாக் காட்டினா, அது தராசோட தப்பா, ஈயோட தப்பா?”

“யாரோட தப்பா இருந்தா என்ன? ஈயை ஓட்டிட்டு மறுபடி நிறுக்கணும்.”

நான்தான் அந்த ஈ என்று சொல்ல வரவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், மனசில் இருப்பதை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதில் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காபிக் கிண்ணம் காலியாகக் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. கேட்டால் “வெண்ணெய் வாங்க மறந்துட்டேன்” என்கிறார். அப்பா மறந்த பொருள் என்று ஒன்று இந்த வீட்டில் இருந்ததில்லை. அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான் சித்தப்பா. வியாழனுக்கு முன்னால் எப்படியாவது அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள். “அண்ணே, இது எனக்கு ஒத்துக்கிட்ட மாதிரி உனக்கு ஒத்துக்கணும்னு இல்லை, டாக்டர் சொல்ற மாத்திரையைப் போடு” என்று ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னால் கேட்க மாட்டார், அம்மா சொன்னால் சிரிப்பார், டாக்டர் சொன்னால் மில்லிகிராம் கேட்பார். சின்னவன் சொன்னான் என்றால் இரண்டு தடவை யோசிப்பார். வெண்ணெய் விஷயத்தை வேண்டுமானால் சொல்லுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். திட்டு வாங்க நான் தயார்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கம்போல எழுத வந்தேன். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. எல்லோரும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுவும் மாடிப்படியில் எங்கேயும் நிற்காமல் இருக்க வேண்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போன் செய்யவே வேண்டாம்.

உறையை ஒட்டிவிட்டு, தபால்தலை எவ்வளவு ஒட்டுவது என்று தெரியாமல் மேஜையில் வைத்தேன். இந்த வீட்டில் அதை யோசிக்காமல் செய்தது என் முட்டாள்தனம். அப்பா அதை எடுத்துத் தராசில் வைத்துவிட்டார்.

“நாற்பத்தொரு கிராம்,” என்றார். “கவர் ஆறு. மீதி முப்பத்தஞ்சு. இந்தத் தாள் ஒண்ணு அஞ்சு. ஏழு தாள். சின்னவனை நலம் விசாரிக்க ஏழு தாளா?”

நான் உறையை வாங்கக் கையை நீட்டினேன்.

“ஏழு தாள் எழுதற அளவுக்கு இந்த வீட்டுல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, உறையைப் பிரிக்காமல், உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்துவந்தார். முட்டை ஓட்டுக்கும் எலும்புக்கும் பக்கத்தில் ஒரு வரிசை. மேலே ‘பாப்பா’ என்று எழுதியிருந்தது. முதல் எண் பதினெட்டு. பிறகு இருபது. இருபத்திரண்டு. கடைசிப் பக்கத்தில் நாற்பத்தைந்து. நடந்துவிட்டு வந்ததும் கிண்ணத்தை மறுபடியும் நிறுப்பாராம். நான் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்தே தெரியுமாம்.

“தெரிஞ்சும் ஏன் கேட்கல அப்பா?”

“பிள்ளைக்கு வெண்ணெய் பிடிக்கும் போல, கேட்டா வெட்கப்படும்னு விட்டுட்டேன். இந்த வீட்டுல ரொட்டியைக் கூட விட்டு வைக்கலையே நான். ஏதாவது ஒண்ணு தின்னட்டும்னு தினம் கொஞ்சம் கூடவே வெச்சேன்.”

“குழாயில இருநூத்திப் பன்னிரண்டு கிராம் வந்ததே?”

“அதைப் பார்த்தப்போ கொஞ்சம் குழம்பினேன். அப்புறம் பூனை. அதுக்கப்புறம் நீ நிஜமாவே தின்ன ஆரம்பிச்சே, எனக்கு நிம்மதியாச்சு.”

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் திருத்திச் சொல்ல முடியவில்லை. “அப்போ உங்க நூத்திப் பதினெட்டு? நான் எடுத்ததாலதானே இறங்குச்சு?” என்றேன். அப்பா வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தார். இடுக்கியால் இருநூறு கிராம் கல்லைத் தூக்கினார். அதற்கடியில் இருந்த குழியில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

திட்டம் தொடங்கிய நான்காம் நாளே டாக்டரிடம் போனாராம் சித்தப்பா. மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றவருக்கு அன்று எண்கள் கலங்கித் தெரிந்தனவாம். பெரியப்பா நினைவு வந்ததாம். எங்களிடம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, மாத்திரையைக் கூட்டி, தன் பங்கு வெண்ணெயைக் குறைத்து, எல்லாம் டாக்டருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் போடுகிறார். எங்களிடம் அவ்வளவு வீராப்புப் பேசிவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

“அப்போ நான் இத்தனை நாளாத் தின்னதெல்லாம்?”

“உன் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் படியில போய் நின்னேன். நான் ஊட்டித்தானே ஏத்தியிருக்கேன்னு. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல பாப்பா.”

“நீங்கதான் சோறே சாப்பிடறதில்லையே அப்பா.”

அம்மா சலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தாள். வியாழக்கிழமை டாக்டர் சீட்டில் இப்போது இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டாவது என் பெயர்.

உறையைத் திருப்பிக் கேட்டேன், கிழித்துவிடலாமென்று. “எழுதினது போகட்டும்,” என்றார் அப்பா. “ஆனா மாத்திரை விஷயத்தை மட்டும் சின்னவனுக்குச் சொல்லாதே. ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான்.” கொஞ்ச நேரம் உறையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இல்லை, சொல்லு. கிண்டல் பண்ணட்டும். ஆனா ஒண்ணு கேளு அவனை. மூணு மாசமா பதினாலு கிலோ, பதினாலு கிலோங்கறான். ஒரே ஒரு கல்லை வெச்சு நான் எந்தத் தராசுக்கும் முத்திரை போட்டதில்லை. ஒரு தடவையாவது ரத்தம் குடுத்தானான்னு கேளு. அடுத்த மாசம் அவனுக்கு ஐம்பத்தாறு” என்றார்.

உங்கள் செய்திகள் எல்லாவற்றையும் இப்போது திரும்பப் படித்தேன் சித்தப்பா. கிலோ இருக்கிறது, பெல்ட் துளை இருக்கிறது, சட்டை அளவு இருக்கிறது. வேறு எண் எதுவும் இல்லை.

உறையை ஓரத்தில் பிரித்து, இந்த எட்டாவது தாளையும் கூடவே ஒரு பரிசோதனைச் சீட்டையும் வைத்திருக்கிறோம். சீட்டில் உங்கள் பெயரை அப்பாவே நிரப்பியிருக்கிறார்; எண் எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. மறுபடி ஒட்டி, மறுபடி நிறுத்து, மூலையில் பென்சிலால் 51 என்று எழுதிவிட்டார். உங்கள் பதிலையும் அவர்தான் முதலில் வாங்கித் தராசில் வைப்பாராம். அந்தச் சீட்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று உறையைப் பிரிக்காமலே அவருக்குத் தெரிந்துவிடும்.